மூன்று திரைக்கு ஒரே பெட்டி

அன்று மதியம் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

தெருப்பக்கச் சுவரைப் பார்த்தபடி அண்ணன். அவனுக்கு நேர் பின்னால், முதுகுக்கு முதுகாக, சமையலறைச் சுவரைப் பார்த்தபடி அவன் தங்கை சின்னு. பக்கவாட்டில், ஜன்னலைப் பார்த்தபடி அண்ணி. சின்னுவின் மகள் வாண்டு பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு திரை, கீபோர்டு, மவுஸ், ஹெட்ஃபோன். ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றுதான். நடுக்கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் அந்தக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து மூன்று திசைக்கும் வயர்கள் ஓடும். கால் தடுக்கி விழாமல் அந்தக் கூடத்தைக் கடப்பவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே.

"மூணு பெட்டி எதுக்கு? ஒரு பெட்டியே மூணு பேருக்கும் சலிக்காம உழைக்கும்" என்று அண்ணன் இந்த ஏற்பாட்டைச் செய்தபோது பெருமையாகச் சொன்னான்.

"என்னை மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி.

பெட்டியின் பின்னால் துளைகள் மூன்று வரிசை. அண்ணனுடைய வரிசைக்குச் சிவப்பு டேப், அண்ணிக்கு நீலம், சின்னுவுக்கு மஞ்சள். சிவப்பு வரிசையில் எந்தக் கீபோர்டைச் செருகினாலும் அது அண்ணனின் திரையில்தான் எழுதும். மஞ்சளில் செருகினால் சின்னுவின் திரையில். கீபோர்டு யார் கையில் இருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. துளை மட்டுமே தெரியும்.

அவர்கள் தொழில், பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது. ஓர் ஆராய்ச்சி நிறுவனம் பலவகைத் தொழிலாளிகளைப் பேட்டி எடுத்து அந்த ஒலிப்பதிவுகளை அனுப்பும். சின்னுவும் அண்ணியும் கேட்டு அடிப்பார்கள். அண்ணன் சரிபார்த்து அனுப்புவான். அடிப்பதற்கு அவன் லாயக்கில்லை. ஒரே ஒரு விரலால், கீபோர்டையே குனிந்து பார்த்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தேடித் தேடிக் குத்துவான். எழுதி முடித்த பிறகுதான் நிமிர்வான். அண்ணி அவனுக்கு வைத்த பெயர் 'ஒத்தை விரல்'.

சின்னுவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புருஷனிடமிருந்து தப்பி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவள். அவன் செல்போன் கடை வைத்திருப்பவன். அவள் போனுக்குள் எதையோ போட்டுவைத்து, அவள் காய்கறி வாங்கப் போனால்கூட எந்தக் கடை வாசலில் நிற்கிறாள் என்று சொல்வான். அதனால் போனை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். அண்ணன் இந்த ஊருக்குக் குடிவந்தது அவனுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை நாள் மூச்சு விட்டாள். ஆனாலும் வாசலைத் தாண்டியதில்லை. போன வாரம் வக்கீலம்மா அனுப்பிவைத்த பாதுகாப்பு மனு இன்னும் கையெழுத்தாகாமல் அலமாரியில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. "கொஞ்சம் பொறு, கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா திரும்ப ஒட்டாது" என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

இனி அன்றைய நடப்பு.

காலையில் அண்ணி துப்புரவில் இறங்கினாள். கீபோர்டுகளில் பிஸ்கட் தூள் அடைந்துகிடக்கிறது என்று, பெட்டியை அணைத்துவிட்டு, அண்ணனுடையதையும் சின்னுவுடையதையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். துடைத்த துடைப்பில் வயர் நுனியில் இருந்த டேப்புகளும் உரிந்து வந்துவிட்டன. இரண்டும் ஒரே மாதிரிக் கீபோர்டு. எது எவருடையது? அண்ணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையில் வந்த கீபோர்டில் கையில் வந்த டேப்பை ஒட்டி, நிறம் பார்த்து, மிகச் சரியாகச் செருகினாள். பிறகு டேப்பைப் பார்க்காமல் கீபோர்டுகளைக் கொண்டுபோய் மேஜைகளில் வைத்தாள்.

சாப்பாடு ஆனதும் பெட்டியை ஓடவிட்டு மூவரும் உட்கார்ந்தார்கள்.

சின்னுவுக்கு அன்று கிடைத்தது தேனீ வளர்ப்பவர் ஒருவரின் பேட்டி. அவள் வழக்கம், முதலில் ஒரு தடவை முழுக்கக் கேட்பது, பிறகுதான் விரலை வைப்பது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். எதிரே அவள் நேற்று பாதியில் விட்ட பக்கம் திறந்திருந்தது.

"கூட்டைத் திறக்கறப்ப அவசரப்படக் கூடாதுங்க. கை நடுங்கக் கூடாது. நம்ம பயம் அதுக்கு வாசம் மாதிரி தெரிஞ்சிரும்" என்றது காதில் அந்தக் குரல்.

நேற்றைய கடைசி வரிக்குக் கீழே, அவள் கை படாமலே, ஓர் எழுத்து விழுந்தது.

'மா'

சின்னு மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். அவை மடியில்தான் இருந்தன.

'மாப்'

'மாப்பிள்'

'மாப்பிள்ளை'

அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். வந்துவிட்டான். போனுக்குள் வந்தவனுக்கு இதற்குள் வர எவ்வளவு நேரம் ஆகும்? எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு, அவள் திரையில், அவள் பார்க்கப் பார்க்க எழுதுகிறான்.

'நீங்க கேட்ட விசயம்'

எழுத்துகள் ஒவ்வொன்றாக, நின்று நின்று வந்தன. அந்த நிதானம்தான் அதிகம் பயமுறுத்தியது. கத்த வேண்டும் போலிருந்தது. ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள்.

அப்போதுதான் அது கேட்டது. முதுகுக்குப் பின்னால்.

டக்.

திரையில் ஓர் எழுத்து.

டக். இன்னொரு எழுத்து.

டக்... டக்.

பின்னால் சத்தம் நின்றால் முன்னால் எழுத்து நின்றது. பின்னால் தொடர்ந்தால் முன்னால் தொடர்ந்தது. அந்த ஒற்றை விரலை அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குச் சடை பின்னிவிட்டது அந்த விரல் இருக்கும் கைதான்.

இந்த வீட்டில் அந்த மனிதனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடக்கூடியவன் ஒரே ஒருவன்.

'வாண்டுக்கு மூணு மணிக்கு பள்ளிக்கூடம் விடும்'

சின்னு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

'இன்னிக்கு நான் கூப்பிட போகல. நீங்களே போய் கூட்டிகிட்டு வாங்க. பிள்ளையோட உங்கள பாத்தா சின்னு மனசு இளகிரும்'

இளகிவிடுமாம்.

வாண்டுவை அவன் இங்கே கூட்டிவர மாட்டான். இது அண்ணனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கடைசி இரவு அவன் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "நீ போறதுன்னா போ. பிள்ளை போகாது." பிள்ளை அவன் கைக்குப் போனால் வேறு எதுவும் தேவையில்லை. அவளே தேடிக்கொண்டு அவன் காலடிக்குப் போய்ச் சேருவாள். அவனுக்கும் அது தெரியும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டைத் தாண்டியிருந்தது.

என்ன செய்யலாம்? பெட்டியின் வயரைப் பிடுங்கினால் மூன்று திரையும் இருண்டுபோகும். ஆனால் அண்ணன் சட்டைப்பையில் போன் இருக்கிறது. அதிலிருந்து அனுப்புவான். திரும்பி, "ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்கலாம். கேட்டால் அவன் பேசுவான். அண்ணன் பேச்சில் கெட்டிக்காரன். அவன் பேச ஆரம்பித்தால் அவள் எப்போதும் பாதியில் தலையாட்டிவிடுவாள். அந்தக் கல்யாணத்துக்கே அப்படித்தான் தலையாட்டினாள்.

பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. ஆனால் எழுத்தில் அவனுக்கு இருப்பது ஒரு விரல்.

அவன் கீபோர்டு என் திரையில் எழுதுகிறது என்றால், என் கீபோர்டு?

காலையில் அண்ணி பஞ்சும் கையுமாக நின்றது ஞாபகம் வந்தது. சின்னு விரல்களை எடுத்து விசைகள் மேல் வைத்தாள். வேகமாகத் தட்டினாள்.

'அண்ணா, நிமிர்ந்து பார்.'

அவள் திரையில் எதுவும் விழவில்லை. அப்படியானால் விழ வேண்டிய இடத்தில்தான் விழுகிறது.

வரி முடிந்த பழக்கத்தில் வலது சுண்டுவிரல் தானாக என்டரை நோக்கிப் போனது. தொட இருந்த இடத்தில் அதை நிறுத்தினாள்.

அண்ணன் திரையில் திறந்திருப்பது அவள் புருஷனுக்குச் செய்தி எழுதும் கட்டம். அவள் எழுதியது இப்போது அதில் காத்திருக்கிறது. இந்த என்டரைத் தட்டினால் அது அண்ணனோடு நிற்காது. நேரே அந்த மனிதனின் கைக்குப் போய்விடும். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு விசை.

சுண்டுவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன சின்னு, உன்கிட்ட சத்தத்தையே காணோம்?" ஜன்னல் பக்கமிருந்து அண்ணி கேட்டாள். "ஒத்தை விரல் மட்டும் அமோகமா ஓடுது. அப்படி என்னங்க எழுதறீங்க, உயிலா?"

"நிறுவனத்துக்குப் பதில்" என்றான் அண்ணன், குனிந்தபடியே.

'பள்ளிக்கூடத்துல நான் சொல்லி வைக்கறேன்' என்று கடைசி வரி வந்து முடிந்தது. பிறகு ஒரு திருப்தியான தட்டல். அவன் என்டர். சின்னுவின் திரையில் ஒன்றும் ஆகவில்லை, கர்சர் அடுத்த வரிக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

அண்ணன் நிமிர்ந்திருக்க வேண்டும். அவன் நாற்காலி எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனது.

கூடத்தில் அண்ணியின் விசைகள் மட்டும் மழை மாதிரி பெய்துகொண்டிருந்தன.

டக். டக்.

'சின்னு'

அவள் திரும்பவில்லை. தட்டினாள்.

'நீ எழுதியதெல்லாம் என் திரையில் வந்தது. கீபோர்டு மாறியிருக்கிறது. என்டரைத் தொட மாட்டேன், பயப்படாதே. இதுவரை அவரிடம் என்னென்ன சொன்னாய்?'

பிறகு, எழுத்தெழுத்தாக:

'ஊர் சொன்னேன். பள்ளிக்கூடம் சொன்னேன். வீடு சொல்லல'

ஊர். பள்ளிக்கூடம்.

'உன் நல்லதுக்குத்தான். தினம் போன்ல அழுதான். ஆம்பிளை அப்படி அழுது நான் கேட்டதில்ல'

அவள் விரல்கள் நடுக்கத்தோடே ஓடின. ஒரு பிழைகூட விழவில்லை. அவள் கைகளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

'எனக்குத் தெரியும். அந்த அழுகையை நான் உனக்கு முன்னால் கேட்டவள். அடித்து முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுவார். நான் அவருக்குக் கண்ணைத் துடைத்துவிட வேண்டும். வந்த அன்று என் கையைப் பார்த்து, பஸ்ஸில் விழுந்தாயா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ நம்பினாய். நம்புவது உனக்குச் சௌகரியமாக இருந்தது. பிள்ளை அவர் கையில் போனால் இங்கே வராது அண்ணா. பிறகு நானும் இருக்க மாட்டேன்.'

பின்னால் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

"இருமலா? மருந்து அலமாரியில இருக்கு" என்றாள் அண்ணி, திரும்பாமல்.

"ம்" என்றான் அண்ணன்.

சின்னு கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. முள் நகர்ந்துகொண்டிருந்தது.

டக். டக். டக்.

'இப்ப என்ன செய்யறது'

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறான். சந்தோஷப்பட நேரமில்லை.

அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தாள். அவள் சொன்னதெல்லாம் அவன் கண்ணெதிரே கடைசியிலிருந்து முதலுக்குத் தேய்ந்துகொண்டு போயிருக்கும்.

"காலியா?" என்று சின்னு வாய்விட்டே கேட்டாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"காலி" என்றான்.

"என்ன காலி? டீயா? இப்பதானே குடிச்சீங்க" என்றாள் அண்ணி.

சின்னு எழுதினாள். பார்க்காமல், பார்க்க முடியாமல், கண்ணைச் சமையலறைச் சுவரில் வைத்துக்கொண்டு.

'மாப்பிள்ளை, பள்ளி நான்கு மணிக்குத்தான் விடும். முன்னதாகப் போனால் வாட்ச்மேன் கேள்வி கேட்பான். நான்கு மணிக்கே போங்கள்.'

அந்த மனிதனுக்கு அவள் ஒரு வார்த்தை எழுதி எத்தனையோ நாளாகியிருந்தது. சுண்டுவிரலை விடுவித்தாள். அது தயங்கியது. பிறகு என்டரைத் தட்டினாள்.

போய்விட்டது. அவனுடைய பதில் அண்ணன் திரையில்தான் விழும். அவளுக்குத் தெரியாது. காத்திருந்தாள்.

டக்.

'ச'

'சரின்'

'சரின்னு சொல்றான்'

கண்ணை மூடித் திறந்தாள். ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது. மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் அடுத்த எழுத்து வந்தது.

'ஆனா'

டக்.

'ஆனா இப்'

டக். டக்.

"சொல்லித் தொலை அண்ணா!" என்று சின்னு நாற்காலியோடு திரும்பிவிட்டாள். "வாயால சொல்லு!"

அண்ணனும் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. "இப்பவே பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்க இருக்கற டீக்கடையிலதான் இருக்கானாம். அங்கயே காத்திருக்கேன்கறான்."

அண்ணியின் மழை நின்றது.

"யாரு?" என்றாள். அவள் எழுந்துவந்து சின்னுவின் திரையைப் பார்த்தாள். நேற்றைய பேட்டிக்குக் கீழே தன் புருஷனின் எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ஏங்க... நீங்களா?"

"நான் நல்லதுன்னு நெனச்சுதான்..."

"வாயை மூடுங்க. உங்க நல்லதை அப்புறம் பேசிக்கலாம், நிறைய பேசணும்." ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"நான் போறேன் அண்ணி. என் பிள்ளை" என்று சின்னு எழுந்தாள்.

"நீ போனா உன் நடையை வச்சே கண்டுபிடிச்சிருவான். பின்னாலயே இந்த வீட்டுக்கும் வந்து நிப்பான். நான் ஹெல்மெட்டை மாட்டிட்டா என் புருஷனுக்கே என்னைத் தெரியாது. அவருக்கு மாட்டலேன்னாலே தெரியாது, அது வேற." வாசல்படியில் நின்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "பின்பக்கமா விளையாட்டு மைதானத்துக்கு ஒரு கேட்டு இருக்கு. ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் போட்டு அதைத் திறக்கச் சொல்லுங்க. இதையாவது சரியான ஆளுக்குச் சொல்லுங்க" என்றாள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கரைந்தது.

அண்ணன் போன் போட்டான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கைகள் நடுங்குவதைச் சின்னு அப்போதுதான் பார்த்தாள். நடுக்கம் தன் ஒருத்திக்கு மட்டுமே சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஒருவழியாக யாரோ எடுத்தார்கள். அண்ணன் தடுமாறித் தடுமாறி, வேண்டாததை எல்லாம் சொல்லி, கடைசியில் பின்பக்கக் கேட்டுக்கு வந்தான். "யார் வந்து கேட்டாலும் பிள்ளையை... ஆமா டீச்சர், அப்பான்னு சொன்னாலும்... என் பேரைச் சொன்னாலும் குடுக்காதீங்க. என் மனைவி வருவா. நீல ஹெல்மெட்."

பிறகு இருவரும் சும்மா நின்றார்கள். கூடத்தில் அந்தப் பெட்டி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று திரையும் எரிந்துகொண்டிருந்தன. மூன்று நாற்காலியும் காலி.

தெருவில் ஏதோ வண்டி போனது. சின்னு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வண்டி போய்விட்டது. யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அதற்கும் ஒட்டிக்கொண்டாள்.

"சின்னு" என்றான் அண்ணன். "அன்னிக்கு உன் கையைப் பார்த்தப்ப... எனக்குத் தெரியும். பஸ்ஸில விழுந்தா அந்த இடத்துல அடிபடாது."

"தெரிஞ்சும்?"

அவன் போன் அடித்தது. எடுப்பதற்குள் கீழே போட்டு, குனிந்து எடுத்து, ஸ்பீக்கரில் வைத்தான்.

"வாண்டு என்கிட்ட இருக்கா" என்றது அண்ணியின் குரல். மூச்சு வாங்கியது. "மைதானம் வழியாத்தான் வந்தோம். அவனைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு கேட்டையே பார்த்துக்கிட்டிருக்கான். பக்கத்துல பெரிய பொம்மை ஒண்ணு வாங்கி வச்சிருக்கான். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயமே வந்துது. நேரா வீட்டுக்கு வரல. என் தையல்கடை சிநேகிதி வீட்டு மாடியில இருக்கோம். இருட்டினப்புறம் வரேன்."

"அம்மா!" என்றது சின்னக் குரல். "அத்தை பேய் மாதிரி வண்டி ஓட்டறாங்க!"

சின்னு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சமத்தா இரு கண்ணு" என்பதற்கு மேல் வரவில்லை.

"இன்னொண்ணு" என்றாள் அண்ணி. "வயரை மாத்திக் குத்திட்டேன்னு யாராவது இனிமே என்னைத் திட்டுவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சின்னுவின் கால்கள் தரையில் ஊன்றின.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் திரையில் 'ணங்' என்று ஒரு சத்தம்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் போக இருவருக்கும் மனமில்லை. கடைசியில் சின்னுதான் போனாள். அவன் எழுதியிருந்தது அவள் கண்ணெதிரே இருந்தது:

'மச்சான், கடைசியா எழுதினது நீங்கதானா?'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது:

'இவ்வளவு வேகமா, கமா புள்ளி எல்லாம் வச்சு நீங்க எழுத மாட்டீங்களே.'

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அண்ணன் கீபோர்டை நோக்கிக் கை நீட்டினான். "நான்தான்னு சொல்லிடறேன்..."

"தொடாதே."

அந்தக் குரலில் அவள் அவனிடம் பேசியதே இல்லை. கை நின்றது.

"அவருக்கு இனிமே இங்கேயிருந்து ஒரு எழுத்து போகக் கூடாது" என்றாள். நடுங்கினபடியே அலமாரிக்குப் போய், துணிகளுக்கு அடியிலிருந்து வக்கீலம்மாவின் மனுவை எடுத்துவந்தாள்.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் வக்கீலம்மா பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தாள். சின்னு ஒவ்வொரு புள்ளியாகத் தேடி, பேனாவை அழுத்திப் போட்டாள். முதல் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. கடைசிக் கையெழுத்து அவளுடையது மாதிரியே இருந்தது. தனித் தாள் ஒன்றில் எழுதினாள்:

'அம்மா, தாமதத்துக்கு மன்னியுங்கள். இன்று பிள்ளையின் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்டார். நான் இந்த ஊரில் இருப்பது அவருக்கு இப்போது தெரியும். மனுவை உடனே தாக்கல் செய்யுங்கள். என் அண்ணன் சாட்சி சொல்வான்.'

கடைசி வரியை எழுதிவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக அவன் படித்துக்கொண்டிருந்தான்.

"சொல்வேன்" என்றான்.

மனுவை மடித்து உறைக்குள் வைத்தாள். பசையைத் தடவி ஓரத்தை ஒட்டி, கட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்து அழுத்தினாள். விலாசம் எழுதினாள். தபால்தலை ஒட்டினாள்.

"குடு, நான் போய்ப் போட்டுட்டு வரேன்."

"வேண்டாம்."

"கூடவாவது வரட்டுமா?"

"நீ இங்கேயே இரு. மறுபடியும் ஏதாவது வந்தா எனக்குச் சொல்லு. அவருக்குச் சொல்லாதே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, ஏதாவது செய்தாக வேண்டும் என்பதுபோல், ஸ்டூலண்டை போய்ப் பெட்டியின் பின்னால் கைவிட்டான். "இந்த வயரையாவது மாத்திக் குத்திடறேன்."

"அப்படியே இருக்கட்டும் அண்ணா" என்றாள் சின்னு. "கொஞ்ச நாளைக்கு நீ எழுதறது என் திரையிலேயே வரட்டும்."

தாழ்ப்பாளைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. இந்தத் தெருவை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தாள். ஜன்னலில் தெரிந்ததைவிட அகலமாக இருந்தது. தபால் பெட்டி அந்தக் கோடியில், சலவைக்கடையைத் தாண்டி. நடந்தாள். எதிரே வந்த ஒவ்வொரு சட்டையும் அவன் சட்டையாகத் தெரிந்தது. சலவைக்கடை வாசலில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதே உயரம், அதே பின்தலை. கால்கள் திரும்பிப் போகலாம் என்றன. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனைத் தாண்டினாள். அவன் திரும்பினான். யாரோ.

பெட்டியின் வாய்க்குள் உறையைப் பாதி நுழைத்துவிட்டு, மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல்தான் கடைசியாக விட்டது.

உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டது.